அம்புக்காரியின் பின்னால் நிற்பவள்

ஐந்து பேர் கொண்ட ஓர் அணியை ஒற்றை ஆளாக நின்று தோற்கடித்தவன் நான். பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லை. அது எங்கள் அணி.

காலைச் சமையல் முடிந்ததும் என் மனைவி கூடத்து ஜன்னலோரம் போனோடு உட்காருவது வழக்கம். காசு கட்டாமல் ஆடுகிற ஆட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எதிராளி கோட்டையை யார் முதலில் இடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. மூட்டுவலித் தைலம் மணக்கும் கையோடு அவள் போர் செய்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு தாங்காது. "என்ன தளபதி, எதிரி சரணடைஞ்சாச்சா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். பதில் வந்ததே கிடையாது. நானும் பதிலுக்காகக் கேட்டவனில்லை.

அன்று எனக்கு வேலை தள்ளிப்போயிருந்தது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் ஓட்டும்போது என் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மிதிப்பதுதான் என் தொழில். கற்றுக்கொள்ள வர வேண்டியவர் பயந்துபோய் வரவில்லை. வீட்டில் சும்மா இருந்தேன். அதுதான் வினை.

மேல்தொட்டி நிரம்பிப் படிக்கட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மனைவி பதறி எழுந்தாள். போனை என் கையில் திணித்தாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க. பாதியில விட்டா மத்தவங்களுக்குக் கஷ்டம். இதோ, வில்லு வச்சிருக்கா பாருங்க, இந்த அம்புக்காரி பின்னாடியே நில்லுங்க. அவ தலைக்கு மேல இருக்கற கோடு குறைஞ்சா இந்தப் பச்சை பட்டனை அழுத்துங்க, காயம் ஆறிடும். வேற எதையும் தொடாதீங்க."

"ஏம்மா, ஊருல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தவன் நான்."

"அதான் பயமா இருக்கு," என்றபடி படியேறி ஓடினாள்.

கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் நின்றேன். அம்புக்காரி முன்னே போனாள், நான் பின்னே போனேன். அவள் அம்பு விட்டாள், நான் பச்சையை அழுத்தினேன். கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி இருந்தது. அப்போதுதான் எதிரணி ஆள் ஒருவன் குற்றுயிரும் குலையுயிருமாகப் புதருக்குள் ஓடுவதைப் பார்த்தேன். ஒரு தட்டு தட்டினால் போதும், விழுந்துவிடுவான். துரத்தினேன்.

புதருக்குள் அவனோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

நான் செத்து விழுந்தேன். அங்கே தனியாக நின்ற அம்புக்காரியை எல்லோருமாகச் சேர்ந்து முடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோட்டையும் போயிற்று. செய்தி எழுதுகிற கட்டம் ஒன்று திரையில் தெரிந்தது. மரியாதை தெரிந்தவன் இல்லையா, எழுதினேன்: "மன்னிக்கவும், ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்துட்டேன்."

அம்புக்காரியிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. "மாமா?"

அத்தோடு அவள் பெயர் திரையிலிருந்து மறைந்துவிட்டது.

நனைந்த புடவையோடு இறங்கி வந்த மனைவி போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன எழுதினீங்க?" என்றாள். சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தோற்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். "விடும்மா, கோட்டை என்ன நாம கடன் வாங்கிக் கட்டினதா?" என்றேன். அவள் தலையைத் துவட்டக்கூட இல்லை.

இத்தோடு நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கதை இல்லை. மத்தியானம் மகன் சாப்பிட வந்தான். மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறான். தன் மனைவியோடு ஒத்துப்போகாமல் போன வருஷம் பிரிந்தவன். அதிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் தட்டுச் சத்தம்தான் பேச்சு. அந்த மௌனத்தை உடைப்பது என் பொறுப்பு என்று நானே வரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு ஒரு கூத்து கேளு. உங்கம்மா ஆடற ஆட்டத்துல நான் புகுந்து குட்டிச்சுவர் ஆக்கிட்டேன். அதுல ஒருத்தி என்னை மாமாங்கறா. முகம் தெரியாத எடத்துலகூட நம்ம வயசு எப்படித்தான் தெரியுதோ."

மனைவியின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் இடித்தது. மகன் நிமிர்ந்தான்.

"அவ பேரு என்ன போட்டிருந்துச்சு?"

"அரைத்தூக்கம்னு ஏதோ..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. காலையில் கண்ணைத் திறக்காமலே பல் தேய்க்கிற மருமகளுக்குக் கல்யாணமான புதிதில் அவன் வைத்த பெயர் அது.

மகன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா... அவகூட யாரும் பேச வேண்டாம்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினியே. எவ்வளவு நாளா நடக்குது இது?"

"நாங்க பேசினதில்லடா."

"பின்ன? தினமும் உக்காந்து ஊமை ஜாடையா?"

"அதுல ரெடியா சில வார்த்தை இருக்கும். பின்வாங்கு, நான் வர்றேன், நன்றி... அதைத்தான் தட்டுவோம். அவ காலொடிஞ்சு படுத்திருந்தப்ப எனக்குச் சொல்லிக் குடுத்த ஆட்டம். நீ வேலைக்குப் போயிடுவ, இவரு ஊர் சுத்தப் போயிடுவாரு. நாங்க ரெண்டு பேரும்தான் இந்த வீட்டுல..."

"காட்டு."

"ஆட்டம் முடிஞ்சா எல்லாம் அழிஞ்சிடும்டா. காட்ட ஒண்ணுமில்ல."

"சௌகரியமா இருக்கு," என்றான் மகன். "இந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு அவளுக்கு எப்படித் தெரியுதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன். நான் தூங்கறதில்ல, மாத்திரை போடறேன், எல்லாம் அவ வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்த அம்மாவே தூது போனா யாரைக் கேக்கறது?"

பிரேக்கை மிதிக்க வேண்டிய இடம் இதுதான். என் கால் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு வேடிக்கை தொண்டை வரை வந்தது. அதையும் தண்ணீரோடு விழுங்கினேன்.

மனைவி அழுதாள் என்று சொல்ல முடியாது. கண்ணிலிருந்து வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. போனை எடுத்தாள். அந்த ஆட்டத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். நீக்கவா என்று அது கேட்டது. நீக்கினாள்.

"இனிமே அவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன்மேல சத்தியம். போதுமா? சாப்பாட்டு மேல கோவத்தைக் காட்டாத. உக்காரு."

மகன் உட்காரவில்லை.

அடுத்து வந்த நாட்களிலும் அதே நேரத்துக்கு அதே ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கையில் ஒன்றுமில்லை. கட்டைவிரல்கள் மட்டும் மடியில் லேசாக அசையும். பார்க்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்ககிட்ட சொன்னா ஜோக்காகும். ஜோக்கானா ஊருக்குத் தெரியும்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவ ஆட்டத்துல தினமும் வந்து நின்னு பார்ப்பா. எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயப்படுவா... இல்ல, நானும் அவளை விட்டுட்டேன்னு நெனப்பா. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாக்கூடத் தேவலை," என்றாள்.

மறுநாள் அவளை வற்புறுத்திப் பயிற்சி காரில் ஏற்றினேன். மருமகள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே நிறுத்தினேன். எங்கே வந்திருக்கிறோம் என்று பார்த்ததும் சீட் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இறங்க மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீ இறங்காதே. எனக்குத்தான் கண்ணு மங்கலா இருக்கு."

கடைக்குள் மருமகள் என்னை வாடிக்கையாளர் மாதிரியே உட்கார வைத்தாள். மூக்கில் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, வட்ட வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"இது நல்லாத் தெரியுதா, இது நல்லாத் தெரியுதா?"

"எதுல போட்டாலும் நீ இளைச்சுதாம்மா தெரியற."

"மாமா, எழுத்தைப் பாருங்க."

"நீ எப்பம்மா வீட்டுக்கு வர்ற?"

"கண்ணாடி ரெடியானதும் போன் வரும். கீழ் வரியைப் படிங்க."

"உன் அத்தை ஆட்டத்தைப் போன்ல இருந்து எடுத்துட்டா. என்னாலதான். அவன் முன்னாடி உளறிட்டேன். அவன் மாத்திரை போடறது உங்க வீட்டுக்குத் தெரிஞ்சது அத்தையாலதான்னு நெனச்சிட்டான்."

வில்லை பிடித்திருந்த அவள் கை நின்றது. "அத்தைக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"வெளியில காருல இருக்கா. உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. வேற எதையும் செய்ய மாட்டேன்னு பண்ணல."

என் முகத்தில் இருந்த சட்டத்தைக் கழற்றக்கூட மறந்து அவள் ஓடினாள். அதை மாட்டிக்கொண்டே நானும் பின்னால் போனேன். தெரு முழுக்க அலையடித்தது. காரின் பின்கதவைத் திறந்து மருமகள் உட்கார்ந்ததும், முன்சீட்டிலிருந்து என் மனைவி உடம்பைத் திருப்பி, பெல்ட் கழுத்தை அறுக்க, அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாய் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அத்தை... தினமும் வந்து பாத்தேன் அத்தை. மெசேஜ் போட்டா உங்களுக்குப் பிரச்சினை ஆகுமோன்னு..." மருமகள் விம்மினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, அவர்கிட்ட நானே போன்ல சொல்றேன். மாத்திரை விஷயத்தை எங்கண்ணன்கிட்ட அவரே சொன்னார். அத்தை அவரைப் பத்தி ஒரு எழுத்து எழுதினதில்ல. ஒரே ஒரு தடவை, அவர் எப்படி இருக்கார்னு நான் கேட்டேன். பின்வாங்குன்னு தட்டினாங்க."

மனைவி ஆமாம் என்று தலையசைத்தாள். தலையசைப்பது சத்தியத்தில் சேருமோ என்று தோன்றியிருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

நான் சட்டத்தைக் கழற்றினேன். கண்ணாடி இல்லாமல் இரண்டு பேரும் நன்றாகவே தெரிந்தார்கள்.

"விளையாட்டுக்குக் கேக்கலம்மா. திரும்பி வருவியா, மாட்டியா?"

மருமகள் அத்தையின் கையை விடாமலே என்னைப் பார்த்தாள்.

"வரமாட்டேன் மாமா. அவருக்கு என்னைப் பிடிக்கல. எனக்கும் அவரைப் பிடிக்கல. அத்தையைப் பிடிக்கும். அத்தையைப் பிடிக்கும்கறதுக்காக அவரோட வாழ முடியாது."