திரைக்கு இந்தப் பக்கம்

தமிழர் நிறைந்த மல்வேர்ன் பஸ்ஸில் ஏறித் தமிழில் இரகசியம் பேசுகிறவன் எவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க வேண்டும்!

ஷாமிலாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வெளியே செப்டெம்பர் மழை. நனைந்த ஜாக்கெட்டின் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, சால்வையால் மூக்குவரை மூடியிருந்தாள். தெரிந்தது கண்கள் மட்டும்தான். பக்கத்தில் நின்றவன் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"நிண்டுகொண்டுதான் வாறன் மச்சான். இங்க ஒரு பிள்ளை தன்ர பையை ஒரு சீற்றில இருத்தி வைச்சிருக்கு... ஓமடா, கேக்கலாம்தான். பயமா இருக்கு. கண் மட்டும்தான் தெரியுது. ஆனா சும்மா சொல்லக்கூடாது... கண் எண்டா அதுதான் கண்!"

ஷாமிலா பையைத் தூக்கி மடியில் வைத்தாள். சால்வையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"இருங்கோ அண்ணை. கண்ணுக்குத் தமிழும் விளங்கும்."

முன் சீற்றில் இருந்த அன்ரி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அவனுடைய காது மடல்கள் இரண்டும் சிவந்துபோயின. சீற்றின் நுனியில், விழுந்துவிடுவான்போல ஒட்டிக்கொண்டு இருந்தான்.

"சொறி... ஆனா அண்ணை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, பிளீஸ்."

அந்த முட்டாளை அவள் அன்றைக்கே மறந்திருப்பாள்... அதே முட்டாள் கொஞ்ச நேரத்தில் அவளுடைய வகுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வராமல் இருந்திருந்தால்.

ஏற்கனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கான நேர்சிங் படிப்பு அது. நான்கு வருடப் பாடங்களை இரண்டு வருடத்துக்குள் அமுக்கித் திணித்திருந்தார்கள். முதல் நாளே பொறுப்பாசிரியை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். பழைய பட்டத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வாருங்கள். கோடை விடுமுறை கிடையாது. வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கலாம் என்று கனவு காணாதீர்கள். இனி உங்களைக் காண முடியாது என்று நண்பர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்... வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களின் கண்களில் பயமும் இருந்தது.

ஷாமிலா மிசிசாகாவில் ஒரு கம்பெனியில் கணக்காளராக இருந்தவள். நல்ல சம்பளம்தான். ஆனால் நாள் முழுக்க இலக்கங்களின் முகத்தில் விழித்து அவளுக்கு அலுத்துவிட்டது. அவளுடைய அம்மா கிளடிஸ் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். "நான் படுற பாடு காணாதெண்டு நீயும் இடுப்பு முறிய வாறியோ?" என்று கத்தினார். அடுத்த நாள் தானே போய், நின்று வேலை செய்யத் தோதான சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தார்.

பஸ்ஸில் வந்த அந்த முட்டாளின் பெயர் மரியோ. சிவில் எஞ்சினியர்.

"ஏன் விட்டனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பாலம் ஒண்டும் நோகுதெண்டு சொல்லாது. எனக்கு ஆக்களோட கதைக்க வேணும்."

"அதுதான் பஸ்ஸில பாத்தனே!"

செயன்முறை வகுப்பில் இரண்டு இரண்டு பேராகப் பிரித்தபோது அவன்தான் அவளுக்குச் சோடியாக வாய்த்தான். ஒருவர் நாடியை ஒருவர் பிடித்துப் பார்க்க வேண்டும். அவனுடைய மணிக்கட்டில் விரலை வைத்தாள்... கடவுளே, என்ன ஓட்டம்!

"உங்கட நாடி கண்டபடி ஓடுதே..."

"பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தனான். அதுதான்."

"வந்து ரெண்டு மணித்தியாலம் ஆச்சு!"

அவன் கூரையைப் பார்த்தான். அவளோ தன்னுடைய நாடியை எங்கே ஒளிப்பது என்று யோசித்தாள்.

அப்படியே பனிக்காலம் வந்தது. ஒரு பரீட்சை முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நின்றது. மருந்து அளவுக் கணக்கை அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எலும்புகளின் பெயர்களை அவன் ராகம் போட்டுப் பாடி அவளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தான். நூலகத்தில் அவன் மேசையில் தலை வைத்துத் தூங்கும்போது, இமைமயிரின் அழகைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள்... ஒன்றும் ஏறாது.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்தது.

பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் ஷாமிலாவும் மரியோவும் தேத்தண்ணியும் றோல்ஸுமாக நின்றார்கள். மரியோவின் அப்பா அமிர்தநாதர் அவர்களிடம் வந்தார். அடர்ந்த மீசை, அதட்டுகிற குரல்.

"பிள்ளையும் மகனோடதான் படிக்கிறதோ? உந்த மனேஜ்மென்ற் மாஸ்டர்ஸ்தானோ?"

ஷாமிலா விழித்தாள். மனேஜ்மென்றா?

மரியோ நிலத்தைப் பார்த்தான். "இல்லையப்பா... இவ வேற கோர்ஸ். நேர்சிங்."

அந்தச் சொல்லை, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைப் போல அவன் கீழே போட்டான். அவள் கடித்த றோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

மரியோ கார்கள் நிற்கும் இடத்துக்கு அவள் பின்னால் ஓடி வந்தான். "ஷாமிலா, நில்லுங்கோ... ஆம்பிளைப் பிள்ளை நேர்ஸோ எண்டு அப்பா கேப்பார். அந்தப் பயத்திலதான்..."

"தன்ர படிப்பைச் சொல்ல வெக்கப்படுறவர், நாளைக்கு என்னையும் 'இவ வேற ஆள்' எண்டுதான் சொல்லுவார். போங்கோ."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வகுப்பில் இடம் மாறி இருந்தாள். அவன் அனுப்பிய மெசேஜ்களைத் திறக்காமலே விட்டாள். கோபம்தான்... பிறகு ஏன் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கண் அங்கே போனது?

ஏப்ரலில் ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்கியது. பார்த்தால் இருவருக்கும் ஒரே வார்ட். மரியோவின் பொறுப்பில் மரியரட்ணம் என்ற வயதானவர், விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். அன்று காலை திரைக்குப் பின்னால் மரியோ அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். அவர்களின் சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது.

ஷாமிலா நிமிர்ந்தாள். வார்ட் வாசலில், கையில் தோடம்பழப் பையோடு அமிர்தநாதர்! தாதியிடம் மரியரட்ணத்தின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். பழைய ஊர்க்கூட்டாளியைப் பார்க்க வந்திருக்கிறார்.

அவள் யோசிக்கவே இல்லை. கால்கள் ஓடின.

"மரியோ! உங்கட அப்பா வாறார்! அந்தப் பக்கத்தால போங்கோ. மிச்சத்தை நான் எடுத்து முடிக்கிறன். கெதியா!"

விரல்களில் சோப்பு நுரையோடு அவன் அவளைப் பார்த்தான்.

"நீங்கள் என்னோட கதைக்கிறீங்கள்..."

"ஐயோ, உதுக்கு இப்ப நேரமில்லை!"

"இல்லை ஷாமிலா. அங்கிளை அரைத் தாடியோட விட்டிட்டு எங்க போறது? இனி ஒளிக்கிற எண்ணமும் இல்லை."

தானே போய்த் திரையை இழுத்துத் திறந்தான். அமிர்தநாதர் அப்படியே நின்றுவிட்டார்.

"மரியோ? நீ... இங்க என்ன செய்யிறாய்?"

"அப்பா, நான் மனேஜ்மென்ற் படிக்கேல்ல. நேர்சிங்தான் படிக்கிறன். உங்களுக்குப் பயந்து பொய் சொன்னனான். அண்டைக்குக் கோயில்ல இவவை வேற கோர்ஸ் எண்டதும் பொய். ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. என்னைவிடக் கெட்டிக்காரி."

கட்டிலில் இருந்து ஒரு குரல் வந்தது. ஒரு கன்னம் மழுமழுவென்றும் மறு கன்னம் நுரையுமாக மரியரட்ணம் தலையைத் தூக்கினார்.

"அமிர்தம், இவன் உன்ர மகனோ? எனக்குத் தெரியாமப் போச்சு. நான் ஒருத்தரையும் கிட்ட விடேல்லையடா. வெக்கம். உவன் வந்து கதை சொல்லிச் சொல்லியே என்னைக் கழுவித் துடைச்சு எழுப்பி இருத்தினவன். குடுத்து வைச்சனி."

அமிர்தநாதர் பழப்பையை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"அந்தப் பக்கம் இன்னும் கிடக்குது," என்றார் மகனிடம். குரல் உடைந்திருந்தது. "பாத்து... வெட்டாமல் எடு."

ஷாமிலா ஓடிப்போய் மருந்து அறைக்குள் நின்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது வெயிலோடு மழை தூறிக்கொண்டிருந்தது. மரியோ அவளுக்காகக் காத்திருந்தான்.

"அப்பா கார்ல நிக்கிறார். உங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர்."

"என்னவாம்?"

"'அந்தப் பிள்ளை ஏன் உனக்காக உப்பிடி விழுந்தடிச்சு ஓடி வந்தது?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுறன் எண்டனான்." அவன் ஓரடி கிட்ட வந்தான். குரல் தாழ்ந்தது. "சொல்லும் ஷாமிலா... ஏன் ஓடி வந்தனீர்?"

நீர்! இதுவரை இருந்த 'நீங்கள்' நெருக்கத்தில் 'நீர்' ஆகிவிட்ட அந்த ஒரு சொல்லில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"கோவம்தான்... இப்பவும் கோவம்தான். ஆனா வேற ஆக்களுக்கு முன்னால நீங்கள் தலை குனியிறதை என்னால பாக்கேலாது. அவ்வளவு பிடிக்கும். போதுமே?"

"போதாது." அவன் கண்கள் கலங்கிச் சிரித்தன. "இன்னும் ஒருக்காச் சொல்லும். எனக்கு உம்மை அதைவிடப் பிடிக்கும்."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே காரடிக்கு நடத்திச் சென்றான். கண்ணாடி இறங்கியது.

"அப்பா, இது ஷாமிலா. நான் விரும்பிற பிள்ளை."

அவன் நிலத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அமிர்தநாதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது... சிரிப்பேதான்!

"மழையில நிக்காதேங்கோ. ரெண்டு பேரும் ஏறுங்கோ," என்று பின் கதவைத் திறந்துவிட்டார்.

நாளைக்கு மருந்தியல் பரீட்சை. ஒரு வரிகூடப் படிக்கவில்லையே என்று நினைத்தபடி, ஷாமிலா சிரித்துக்கொண்டே ஏறினாள்.