கயிற்றின் மறுமுனை

அண்ணன் தண்ணீருக்குள் இறங்கியதும் தம்பி வழக்கம்போல ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். நாற்பதைத் தொடுவதற்குள், அண்ணன் இடுப்பில் கட்டித் தன் கையில் பிடித்திருந்த கயிறு மூன்று முறை வெடுக்கென்று இழுபட்டது. ஒரு இழுப்பு என்றால் தளர்த்து, இரண்டு என்றால் தூக்கு. மூன்றுக்கு அவர்களிடம் அர்த்தமே கிடையாது.

"அவசரத்துல கணக்கு தப்பிட்டாரு போல," என்று தனக்குத்தானே சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மீன் சேர்வதற்காகப் பழைய பேருந்துகளைக் கடலில் மூழ்கடித்து உண்டாக்கிய திட்டு அது. மீன்பிடித் தடை முடிந்த முதல் நாள். உச்சிவெயிலில் டீசல் நாற்றமும் பாசி வாடையும் மூக்கை அடைக்க, படகின் அடியில் தண்ணீர் சளக் சளக்கென்று நக்கிக்கொண்டிருக்க, இத்தனை மாதம் யாரும் கை வைக்காத அந்த இடத்தில் பேருக்கு ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. போதாக்குறைக்கு நங்கூரம் வேறு ஏதோ ஒரு பேருந்தின் ஜன்னலில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கத்தான் அண்ணன் மூச்சடக்கி இறங்கியிருந்தான்.

தொண்ணூறு. படகு மறுபக்கம் சாய்ந்தது. அண்ணன் ஏறி வந்து பலகையில் உட்கார்ந்தான்.

"எடுத்தாச்சு. கிளம்பு."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் அண்ணனின் இடுப்பைப் பார்த்தான்.

"கயிறு எங்கண்ணே?"

"அவுத்துட்டேன்."

முடிச்சைப் போட்ட தம்பிதான் அதை அவிழ்க்க வேண்டும், அதுதான் வழக்கம். பதினெட்டு வருடத்தில் அண்ணன் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. நங்கூரக் கயிறும் இன்னும் விறைப்பாகவே இருந்தது.

கையிலிருந்த கயிறு இழுபட்டது. இரண்டு முறை.

"மீன் ஏதோ மாட்டியிருக்கு. விட்டுடு."

மறுபடி இரண்டு. வேகமாக. நூற்றிருபது. அண்ணனுக்கு நூற்றைம்பதுக்கு மேல் மூச்சு தாங்காது.

"நான்தான் இங்க இருக்கேன்ல? விடுடா!"

அதே குரல். அதே கோபம். தோளில் ஒரு கை விழுந்தது. கொளுத்தும் வெயிலில், சில்லென்று.

அண்ணன் சொல்லைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. விரல்கள் தாமாகத் திறந்தன. கயிறு சரசரவென்று ஓடி மறைந்தது.

குனிந்து பார்த்தான்.

தெளிந்த தண்ணீர். இரண்டு ஆள் ஆழத்தில் அண்ணன். மேல்நோக்கி நீட்டிய கை. இடுப்பில் முடிச்சு, போட்டது போட்டபடி. அவன் கால்களைக் கட்டிப்பிடித்து ஒருவன் கீழே இழுத்துக்கொண்டிருந்தான். நிதானமாக. இழுப்பவனின் முகத்தைத் தம்பிக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.