நூறு மைல் மௌனம்

லொரேனின் மௌனம் இவ்வளவு மௌனமாக இருந்ததே இல்லை. பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் பேசாமலிருந்த நேரங்களை டுவைட் நன்றாக அறிவான். அவற்றில் பெருமூச்சு இருக்கும், கைப்பையின் ஜிப்பை வேண்டுமென்றே திறந்து மூடும் சத்தம் இருக்கும், அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கையில் முழங்கால் இடிக்கும் இடி இருக்கும். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் யாரோ வீடு மாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். இப்போதோ பின் இருக்கையில் தடித்த போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளிடமிருந்து, நெவாடாவின் அந்த ஆளில்லாச் சாலையில், பெட்ரோல் போட்ட இடத்திலிருந்து இருபது மைலாக ஒரு மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

திருந்திவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஒஹையோவிலிருந்து பசிபிக் கடல்வரை காரிலேயே போவது லொரேனின் யோசனை. யோசனை என்பதைவிடத் தீர்ப்பு. இருவரும் ஒரே காரில் கடலைப் போய்ப் பார்த்துவிட்டால் சேர்ந்து வாழ்வது. இல்லையென்றால் அவள் டல்சாவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள், மீதியை வக்கீல் பேசுவார். டுவைட்டுக்கு அவள் வேண்டும். அதை அவளிடம் சொல்வதற்குப் பதிலாக, எட்டு மாநிலங்களிலும் ஏசியை எந்த அளவில் வைப்பது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருந்தான்.

நூறு மைல் விதியைச் சொல்லிக்கொடுத்தது அவர்களுடைய குடும்ப ஆலோசகர். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டவர் பின் இருக்கைக்குப் போய்விட வேண்டும். நூறு மைலுக்குப் பேச்சு கிடையாது. ஓட்டுபவர் உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும், ஏனென்றால் முறைப்பதும் பேச்சுதான். நூறு முடிந்ததும், பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் தோளில் மூன்று தட்டு தட்டினால் சமாதானம். இந்தப் பயணத்தில் இதுவரை ஐந்து தடவை இப்படித் தட்டிச் சமாதானமாகியிருந்தாள். ஆறாவதுக்கு அவள் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

இன்றைய சண்டை ஒரு தாழ்ப்பாளால் வந்தது. உலகிலேயே பெரிய கதவுத் தாழ்ப்பாள் என்று வழியில் ஒரு பலகையைப் பார்த்துவிட்டு, டுவைட் நாற்பது மைல் சுற்றிப் போனான். போனால், தாழ்ப்பாள் இருந்த இடத்தின் வாசல் பூட்டியிருந்தது. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"உன்கூட நான் வாழ்ந்த வாழ்க்கையே இதான், டுவைட்," என்று சொல்லிவிட்டுப் போர்வையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அவன் கண்ணாடியைத் திருப்பினான். மைல்மீட்டரின் எண்ணைப் பூஜ்யமாக்கினான். பன்னிரண்டாவது மைலில், ஒற்றைக் கட்டடமாக நின்ற பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்தான். பின் ஜன்னலில் போர்வைக் குவியல் தெரிந்தது. கிளம்பிவிட்டான்.

நாற்பதாவது மைலில் வாடை வந்தது. மழை கண்டு மாதக்கணக்கான மண், இருபுறமும் வெளுத்த புதர்கள், வெயிலில் நெளியும் தார்ச்சாலை. இவற்றுக்கு நடுவே ஏசி காற்றில் ஈர மண் வாடை, பல வருடம் மூடிக்கிடந்த நிலவறையைத் திறந்தது போல. புது வாசனைத் திரவியமாக இருக்கும் என்று அவன் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். அவளுடைய தங்கை பரிசாகக் கொடுப்பவை எல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

அறுபதில் மெல்லும் சத்தம் தொடங்கியது. நறுக். நெடுநேரம் கழித்து இன்னொரு நறுக். அவனுக்கு மனம் லேசானது. லொரேன் சிப்ஸ் தின்னத் தொடங்கினால் கோபம் பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். பத்து மைல் அந்தச் சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்தபடியே ஓட்டினான். கடலைப் பார்த்ததும் என்ன சொல்வது என்றுகூட வாக்கியம் அமைத்துப் பார்த்தான். பிறகு பசித்தது. பக்கத்து இருக்கையில் கையை வைத்தான்.

சிப்ஸ் பாக்கெட் அங்கே இருந்தது. பிரிக்காமல்.

பின்னால் நறுக் என்றது.

வேறு ஏதாவது வாங்கியிருப்பாள். பங்க்கில் விற்கிற ஏதாவது. எலும்பு போல ஏதாவது. அவன் கை கண்ணாடியை நோக்கிப் போய், பாதியில் நின்றது. திருப்பினால் விதி மீறல். ஆறாவது தட்டு கிடைக்காது. டல்சா. வக்கீல். கையைக் கீழே இறக்கினான்.

எண்பத்தைந்தில் இருக்கை அசைந்தது. முழங்கால் இடியல்ல. அடியிலிருந்து மேல்வரை, முதுகின் முழு அகலத்துக்கும், ஏதோ மெதுவாகச் சாய்ந்து அழுத்தியது. அழுத்திக்கொண்டே இருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தான்; பின் ஜன்னல் உள்பக்கமாகப் பனித்து வெளுத்திருந்தது.

தொண்ணூற்றாறில் சாலை ஒரு கணவாயின் உச்சிக்கு ஏறியது. செல்போனுக்குச் சிக்னல் வந்தது. உடனே அடித்தது. தெரியாத எண். காரின் ஸ்பீக்கரில் குரல் நிறைந்தது.

"யோவ் டுவைட். எங்கய்யா இருக்க?"

லொரேன்.

அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான்.

"பங்க்லேர்ந்து பேசறேன். இவங்க போன்ல எத்தனை தடவை அடிக்கிறது உனக்கு? உள்ள நின்னு உனக்குக் காபி வாங்கிட்டிருந்தேன், ரெண்டு சர்க்கரை போட்டு. நூறு மைலெல்லாம் வேணாம், இப்பவே தட்டிடலாம்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா நீ கெளம்பிட்ட."

நறுக் சத்தம் நின்றது.

"ஓடிவந்து கையக் காட்டினேன். நீ பாக்கல. அது பரவால்ல, நீ எப்பதான் பாத்திருக்க. ஆனா பின்சீட்டுலேர்ந்து ஒருத்தர் எனக்குத் திருப்பிக் கை காட்டினாங்களே. யாரைய்யா ஏத்திக்கிட்டுப் போற?"

தொண்ணூற்றேழு.

வெயில் அப்படியே இருந்தது. சாலை அப்படியே இருந்தது. முன்னால் ஒரு கார் இல்லை. பின்னால் இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி இல்லை. கூரைதான் தெரிந்தது. கூரையின் பழுப்புத் துணியில், மெல்ல மெல்ல, ஏதோ ஒன்றின் நிழல் உயர்ந்துகொண்டிருந்தது.

"டுவைட்? லைன்ல இருக்கியா?"

தொண்ணூற்றெட்டு.

நூறு வரக்கூடாது. அவ்வளவுதான். நூறு வராவிட்டால் எதுவும் நடக்காது. விதி அதுதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். கார் தளர்ந்தது. ஊர்ந்தது. எண் தொண்ணூற்றொன்பதாகப் புரண்டது. கார் நின்றது.



ஈர மண் வாடை, இப்போது அவன் காதுக்குப் பக்கத்தில்.

"இன்னும் ஒரு மைல்தானே, செல்லம். ஓட்டு."

லொரேனின் குரல். ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை.

ஸ்பீக்கரில், மிக மெல்ல, "டுவைட், இப்ப பேசினது யாரு? நான் பேசலையே."

இறங்கி ஓடலாம் என்று நினைத்தான். உண்மையாகவே நினைத்தான். ஆனால் பத்தொன்பது வருடமாக அந்தக் குரல் ஓட்டு என்றால் அழுத்திப் பழகிய கால். அதுவாகவே அழுத்தியது. கார் நகர்ந்தது.

"டுவைட், எறங்குய்யா. வண்டிய விட்டு எறங்கு."

"ஓட்டு."

எண் புரண்டது.

நூறு.

தோளில் ஒரு கை விழுந்தது. சட்டையை நனைக்கும் குளிர்ச்சி. கழுத்துவரை நீளும் விரல்கள். தட்டியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

லொரேனின் தட்டு மூன்றோடு நிற்கும்.

நான்கு.

ஐந்து.

ஆறு.