சாம்பல் சைக்கிளின் வயிறு

“இந்த சைக்கிளோட வயித்தைத் திறந்து காட்டுங்க.”

லேனி கேட்டே விட்டாள்.

பக்கத்தில் நின்ற அம்மா அவள் காலை மெல்ல மிதித்தாள். மெல்ல என்றால், மலையேறும் பூட்ஸ் போட்டுக்கொண்டு எவ்வளவு மெல்ல மிதிக்க முடியுமோ அவ்வளவு மெல்ல.

பஸ்ஸில் வரும்போதே அம்மா சொல்லியிருந்தாள். “கடையில போய் அதைத் திற, இதைக் காட்டுன்னு கேட்கவே கூடாது. அது மாட்டுச் சந்தை இல்ல. புரிஞ்சுதா?”

அம்மா பயந்ததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் சந்தையில் ஒரு வியாபாரியிடம், “மாட்டோட வாயைத் திறந்து காட்டுங்க” என்று லேனி கேட்டாள். இளம் பசு என்று அவர் விற்க வந்த மாட்டுக்குப் பல்லெல்லாம் தேய்ந்து கிடந்தது. சந்தையே சிரித்தது. அம்மாவுக்கு மட்டும் முகம் தக்காளியாகிவிட்டது.

ஆனால் இன்றைக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நடந்தது இதுதான்.

மலையடிவாரத்து இம்ஸ்ட் ஊரில் இருக்கும் அந்த சைக்கிள் கடையில் கிலியன் என்ற இளைஞர் இருந்தார். இந்த வசந்தத்தில்தான் தலைநகர் வியன்னாவிலிருந்து வேலைக்கு வந்தவர். பேட்டரி சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூச்சே விடமாட்டார். அம்மா உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டுக்காரர் வரலையா மேடம்?”

“அவர் வேலி கட்டிக்கிட்டிருக்கார். சைக்கிள்ல மலை ஏறப்போறது நான்” என்றாள் அம்மா.

கிலியனுக்குக் காது சிவந்தது. அதற்குப் பிறகு அப்படி ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வரவில்லை. நல்லது.

அவர் இரண்டு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒன்று சாம்பல் நிறம். விலை குறைந்த, சாதாரண மாடல். இன்னொன்று பச்சை. முன்சக்கரத்துக்கு மேலே தங்க நிறத்தில் ஷாக் அப்சார்பர். பொத்தானைத் தொட்டால் மாறும் கியர். சொன்னபடி ஏறி இறங்கும் சீட்டு. மினுமினுவென்று கல்யாணத்துக்குக் கிளம்பியது போல நின்றது.

“உங்களுக்குப் பச்சைதான் மேடம். இதுல பேட்டரி பெரிசு. நீங்க சொன்ன அந்த மலைக் குடிசை வரைக்கும், சுமையோட, ஒரே மூச்சா ஏறிடும். சாம்பல்ல இருக்கிறது சின்ன பேட்டரி. உச்சி வரைக்கும் போகாது.”

“எது வரைக்கும் போகும்?” என்று கேட்டாள் லேனி.

கிலியன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். “பாதி வழியில ஒரு சின்ன மாதாகோயில் இருக்கே, அது வரைக்கும். அங்க கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கிட்டா…”

“மாதாகிட்ட கரண்ட் இல்ல” என்றாள் லேனி.

“அப்போ பச்சை” என்றார் கிலியன்.

அம்மா பச்சையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பழையபடியே திருப்பி வைத்தாள்.

“அப்ப அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் தம்பி.”

அப்படியென்றால் இந்தக் கோடையும் போன கோடை மாதிரிதான்.

அம்மா கோடையில் மேலே, மேய்ச்சல் மலையில், சீஸ் செய்பவள். ஜூனில் மாடுகள் ஏறும்போது தொடங்கும் வேலை செப்டம்பரில்தான் முடியும். முன்பெல்லாம் ஜீப் போகும். நாள்தோறும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோடை முடிந்த பிறகு, மண் சரிந்து பாதையில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. இப்போது சைக்கிள் மட்டும்தான் போகும் அகலம். நடந்து ஏறினால் மதியமாகிவிடும். அதற்குள் பால் திரிந்துவிடும். அதனால் போன கோடை முழுக்க அம்மா மேலேயே தங்கிவிட்டாள்.

லேனி சமாளித்துக்கொண்டாள். அவளுக்குப் பதினோரு வயது. தம்பி செப்பிக்கு அப்போது இரண்டு.

இருட்டியதும் மேலே குடிசையில் ஒரு விளக்கு எரியும். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கடுகளவு வெளிச்சம். “அதோ பாரு, அம்மா” என்று காட்டித்தான் அத்தை அவனைத் தூங்கவைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓடோடி இறங்கி வந்து கையை நீட்டினாள். செப்பி அத்தையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“செப்பி, அம்மாடா!”

“இல்ல” என்றான் செப்பி. ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டினான். “அம்மா அங்க இருக்கா.”

அன்றைக்கு அம்மா அழவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள்.

இன்னொரு கோடை அப்படிப் போகக் கூடாது. லேனி அம்மாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு கிலியனிடம் திரும்பினாள்.

“சாம்பல்ல பெரிய பேட்டரியைப் போட முடியாதா?”

“போகாதுன்னு நினைக்கிறேன், பாப்பா.”

“நான் பாப்பா இல்ல, லேனி. நினைக்கிறீங்களா, தெரியுமா?”

கிலியன் மேஜைமேல் இருந்த மாடல் புத்தகத்தைத் திறந்தார். மூடினார்.

லேனி இரண்டு சைக்கிள்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தாள். குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தாள். ஊரில் வசந்தந்தோறும் பிள்ளைகள் வளர்த்த கன்றுகளுக்குப் போட்டி நடக்கும். அதில் நடுவர் கால்களைப் பார்ப்பார், முதுகைப் பார்ப்பார். கழுத்தில் கட்டிய ரிப்பனுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. லேனியின் கன்று ஃபினி ரிப்பனே இல்லாமல் மூன்றாம் பரிசு வாங்கியது.

“ரெண்டுக்கும் ஒரே முதுகு, ஒரே நீளம். அடியில மோட்டார்லகூட ஒரே நம்பர் போட்டிருக்கு. அப்ப வயிறு மட்டும் எப்படி வேற மாதிரி இருக்கும்?”

அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது.

“இந்த சைக்கிளோட வயித்தைத் திறந்து காட்டுங்க.”

“லேனி!” என்றாள் அம்மா. “மன்னிச்சுக்குங்க தம்பி. இவ எதையாவது திறக்காம ஒரு இடத்துல நிக்கமாட்டா.”

“பரவாயில்ல மேடம்” என்றார் கிலியன். ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. “உண்மையைச் சொல்லவா? நானே இதைத் திறந்து பார்த்ததில்ல. புத்தகத்துல சின்ன பேட்டரின்னு போட்டிருந்தது. நானும் அதையே சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அவர் மேஜை டிராயரைத் துழாவி ஒரு சாவியை எடுத்தார். சாம்பலின் நடுக்குழாயில் இருந்த மூடியைத் திறந்தார். சின்ன பேட்டரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பச்சையிலிருந்து பெரிய பேட்டரியைக் கழற்றினார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு சாண் வித்தியாசம்.

பெரியதை சாம்பலுக்குள் செருகினார்.

பாதிக்கு மேல் போனது. பிறகு ‘டொக்’ என்று முட்டி நின்றது. அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

“பார்த்தியா?” என்றார். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. அவரும் கொஞ்சம் ஆசைப்பட்டிருக்கிறார் போல.

அம்மா பையைத் தோளில் மாட்டினாள். “வா லேனி. மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்.”

“ஒரு நிமிஷம்மா.”

லேனி சட்டைக் கையைச் சுருட்டினாள். பேட்டரியை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, குழாய்க்குள் கையை விட்டாள். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. அவள் முகம் சைக்கிளோடு ஒட்டிக்கொண்டது.

“என்னடி, பிரசவம் பார்க்கறியா?” என்றாள் அம்மா. “ரெட்டைக் கன்னுக்குட்டியா?”

“ஷ்ஷ்… ஏதோ இருக்கு. இரும்பு இல்ல. வழவழன்னு இருக்கு. தட்டினா டப்டப்புங்குது. உள்ள காலி!”

கிலியன் டார்ச் அடித்துப் பார்த்தார். குழாயின் கடைசியில் ஒரு கறுப்புக் கட்டை. அதை ஒரு திருகாணி பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நீளமான சாவியால் திருகினார். லேனி இழுத்தாள். பிளாஸ்டிக் கட்டை அவள் கையோடு வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் காற்று.

“இது எதுக்கு?”

கிலியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எதுக்குமில்ல. சின்ன பேட்டரி ஆடாம இருக்க, மிச்ச இடத்தை அடைச்சு வச்சிருக்காங்க. அவ்வளவுதான்.”

இப்போது பெரிய பேட்டரியை மறுபடியும் செருகினார்.

லேனி குழாயோடு காதை வைத்தாள்.

‘டக்.’

ஹேண்டில்பாரில் பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜ் காட்டும் எல்லாக் கட்டங்களும் நிறைந்து.

அம்மா பக்கத்தில் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“ஏறிடுமா தம்பி? மாதாகோயிலைத் தாண்டி?”

“குடிசை வாசல் வரைக்கும் ஏறும் மேடம். ரெண்டுலயும் மோட்டார் ஒண்ணுதான், இப்ப பேட்டரியும் ஒண்ணுதான். இறங்கறதுக்குக் கரண்டே வேண்டாம்” என்றார் கிலியன். முதலாளிக்கு போன் செய்தார். சின்ன பேட்டரியை எடுத்துக்கொண்டு பெரியதைத் தருவதற்கு முதலாளி சம்மதித்தார். இரண்டு பேட்டரிகளின் விலை வித்தியாசத்தைக் கொடுத்தால் போதும். அது அம்மாவின் கைக்கு எட்டியது.

“பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல, நல்ல சைக்கிள்னு!” என்றார் கிலியன்.

“நீங்க எப்ப சொன்னீங்க?” என்றாள் லேனி.

“இப்ப.”

லேனி சாம்பலின் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். அது வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தது. பச்சையினுடையதை அழுத்தினாள். கப்பென்று பிடித்தது.

“இதை மாத்த முடியுமா?”

“அரை மணி நேர வேலை.”

“கியரை?”

“அதையும் எப்ப வேணா மாத்தலாம். ஷாக், சீட்டு, சக்கரம், எல்லாமே. மாத்த முடியாதது ஃபிரேமும் மோட்டாரும்தான். அது ரெண்டும் உங்களுக்கு நல்லாவே அமைஞ்சிருச்சு.”

“அப்ப பிரேக்கை மட்டும் இன்னிக்கே மாத்துங்க” என்றாள் அம்மா. “சீஸோட, மண் சரிஞ்ச அந்த வளைவுல இறங்கி வரணும். நான் வராம சீஸ் மட்டும் வந்து என்ன புண்ணியம்?”

கிலியன் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். கை வேலை செய்தது, வாயும் சும்மா இருக்கவில்லை.

“இவ்வளவு தூரம் வந்துட்டீங்க மேடம். அந்தத் தங்க ஷாக்கையும் இப்பவே போட்டுடலாமே? கூலியில பாதி தள்ளுபடி. பொத்தான் கியரும் போட்டா சாம்பல் அப்படியே பச்சையாயிடும்!”

அம்மா யோசிப்பதை லேனி பார்த்தாள். தங்க நிறத்துக்கு அம்மாவின் கண் ஒருமுறை போய் வந்தது. பாவம், அம்மாவுக்கு மட்டும் ஆசை இருக்காதா என்ன?

“மேல ஏறிப் போற மாட்டுக்கு யாராவது பூ கட்டுவாங்களா?” என்று கேட்டாள் லேனி.

கிலியன் நிமிர்ந்தார். “ஏன், கட்டினா என்ன?”

அம்மாவும் லேனியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வியன்னாக்காரர். அவருக்கு எப்படித் தெரியும்?

“ஊரே சிரிக்கும்” என்றாள் லேனி. “ஜூன்ல மாடு சும்மாதான் ஏறும். கோடை முழுக்க மேல இடி இருக்கு, பள்ளம் இருக்கு. ஒரு மாட்டுக்கும் ஒண்ணும் ஆகாம மந்தை முழுசா இறங்கி வந்தாத்தான் செப்டம்பர்ல கிரீடம், பூ, பெரிய மணி எல்லாம். ஒண்ணு குறைஞ்சாலும் அந்த வருஷம் யாருக்கும் பூ கிடையாது.”

“அப்போ சைக்கிளுக்கு?”

“சைக்கிளும் முதல்ல ஏறி இறங்கட்டும். கோடை பூரா அம்மா தினமும் பத்திரமா வீட்டுக்கு வந்துட்டா, செப்டம்பர்ல வர்றோம். அப்ப தங்கத்தை மாட்டுங்க.”

கிலியன் அம்மாவைப் பார்த்தார். “இவ சொல்றது…”

“இவ சொல்றதுதான்” என்றாள் அம்மா. தங்க ஷாக்கைக் கடைசியாக ஒருமுறை தட்டிக்கொடுத்தாள், சந்தையில் வாங்காத மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல. “ஷாக்குக்கு ஒண்ணும் வயசாகிடாது.”

பிரேக் மாட்டி முடிந்தது. கிலியன் துணியால் கையைத் துடைத்தார். அலமாரியிலிருந்து இன்னும் மூன்று பெட்டிகளை இறக்கினார்.

“சரி, ஷாக் வேண்டாம். சீட்டு? மெத்தை சீட்டு? போன் மாட்டற ஸ்டாண்டு? தண்ணி பாட்டில் வைக்க… எங்க அந்தப் பொண்ணு?”

லேனி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தாள்.

“லேனி! இன்னும் முடிவே பண்ணலியே!”

“பண்ணியாச்சு!”

“மணி! மணி இல்லாம ரோட்டுல ஓட்டக் கூடாது!”

“வீட்டுல இருக்கு! ஃபினியோடது!”

சைக்கிள் படியில் ஒருமுறை குதித்தது. கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே அம்மா சிரிப்பது கண்ணாடி வழியாகக் கேட்டது.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. எதிரே மலை நின்றது. மேலே, குடிசை இருக்கும் இடத்தை லேனி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கோடையிலும் அங்கே சாயங்காலம் விளக்கு எரியும். அங்கேயே தங்கும் மாடு மேய்ப்பவர்கள் ஏற்றுவார்கள்.

எரியட்டும். இனிமேல் அது வெறும் விளக்கு.