மூன்றாம் அறையின் ஆக்சிஜன்

காலை ஆறரை மணி. தேபெக் மலைநகரில் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. சுரங்கத் தொழிலாளர் மருத்துவமனையின் மூன்றாம் அறையிலிருந்து, நோயாளிக்குத் துணையிருந்த மா கில்சு பதறியபடி வெளியே வந்தார்.

"நர்ஸம்மா, வாங்க. மான்சோப் எந்திரிக்க மாட்டேங்கிறான். உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு."

நர்ஸ் பாங் உன்ஜா ஓடினாள். நோயாளி யோம் மான்சோப்பின் முகமூடி சரியாகவே இருந்தது. ஆக்சிஜன் திருகும் அவள் வைத்த அளவில்தான் இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு காட்டியது. ஆனால் எவ்வளவு உலுக்கியும் கண் திறக்கவில்லை. முகம் சிவந்து, கை சூடாகி, உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

டாக்டர் வந்து, காற்றை உள்ளே தள்ளும் இயந்திரத்தைப் பொருத்தினார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

இன்ஸ்பெக்டர் பியோ ஜோங்ரிம் ஏழரைக்கு வந்து சேர்ந்தாள். மான்சோப்பை விசாரணைக் குழுவின் முன் அழைத்துப்போக வந்தவள் அவள். முப்பது வருடங்களுக்கு முன் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, உள்ளே ஆறு பேர் இருக்கும்போதே அடைப்புக் கதவு மூடப்பட்டது. மூடியவர் யார் என்று தெரிந்த ஒரே மனிதர் மான்சோப். அதை அன்று குழுவின் முன் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார்.

"ராத்திரி துணைக்கு இருந்தது நீங்கதானா ஐயா?"

"நான்தான். ஒண்ணா சுரங்கத்துல கிடந்தவங்க. நான் மேஸ்திரி, அவன் வெட்டுக்காரன்" என்றார் கில்சு. "என் அண்ணனும் இதே ஆஸ்பத்திரியில இதே நோவுலதான் போனான். இந்தப் பொண்ணு தூக்கக் கலக்கத்துல ஆக்சிஜனைக் குறைச்சு வச்சிருப்பா. வேற என்ன?"

"அளவு வச்சப்புறம் நான் திருகைத் தொடவே இல்ல மேடம்." உன்ஜா குறுக்கிட்டாள். "அது வச்ச இடத்துலயே இருந்துச்சு."

ஜோங்ரிம் டாக்டரை அறைக்கு வெளியே அழைத்தாள்.

"ஆக்சிஜன் குறைஞ்சதால வந்ததா?"

"இல்ல, கூடினதால. நிலக்கரித் தூசி அரிச்ச நுரையீரல். பல வருஷமா கொஞ்ச ஆக்சிஜனுக்கே பழகின உடம்பு. அளவு மீறிக் கொடுத்தா மூச்சு மந்தமாகும், கரியமில வாயு வெளியேறாம ரத்தத்துல சேரும். அப்படியே மயக்கத்துல ஆழ்த்திடும்."

"அந்த முகமூடியில அளவு மீற வழி இருக்கா?"

"அதுல இல்ல. முகமூடியோட கழுத்துல ஒரு வெள்ளை வளையம் இருக்கு பாருங்க. அது வெளிக்காத்தையும் இழுத்துக் கலந்து அளவாத்தான் உள்ள விடும். திருகைக் கூட்டினாலும் அளவு மாறாது. அதான் எனக்கும் பிடிபடல."

ஜோங்ரிம் அறைக்குத் திரும்பினாள். கட்டிலின் தலைமாட்டில், கொக்கியில் இன்னொரு முகமூடி தொங்கியது. அடியில் பலூன்போல் ஒரு பை. அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். உட்புறத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள்.

"இது எதுக்கும்மா?"

"அவசரத்துக்கு மேடம். பை நிறைய ஆக்சிஜன் தேங்கும், அப்படியே முழுசா உள்ள போகும். இவருக்குப் போட்டதே இல்ல."

"போடாத முகமூடியில மூச்சு ஈரம் எப்படி வந்துச்சு?"

உன்ஜா குனிந்து அந்த முகமூடியைப் பார்த்தாள்.

"நீ வந்தப்ப கருவி என்ன காட்டுச்சு?"

"தொண்ணூத்தேழு. அப்பாடான்னு இருந்துச்சு மேடம். ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்குன்னு..."

"நேத்து?"

"எண்பத்தொன்பது. அவருக்கு எப்பவுமே..." உன்ஜா தானாகவே நிறுத்தினாள்.

ஜோங்ரிம் கில்சுவின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் அந்த நம்பரைப் பார்த்து நிம்மதியானாங்க. வெள்ளை வளைய முகமூடியோட இவர் ரத்தம் அந்த அளவைத் தொட்டதே இல்ல ஐயா. உன்ஜா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இவர் முகத்துல பை வச்ச முகமூடிதான் இருந்திருக்கு. அதைக் கழட்டி, பழசை மாட்டி, திருகைப் பழைய இடத்துல வச்சிட்டு, அப்புறம்தான் நீங்க கூப்பிட ஓடியிருக்கீங்க."

"நானா? உதடு நீலமா கிடந்துச்சுன்னு சொன்னேனே."

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. தொண்ணூத்தேழு இருக்கிற ஆளோட உதடு நீலமாகாது. உன்ஜா பார்த்தது சிவந்த முகம். ஆக்சிஜன் குறைஞ்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், அதைச் சொன்னீங்க. பழி இவ மேல விழணும்னு. கூட்டினா என்ன ஆகும்னும் தெரியும். உங்க அண்ணனுக்கு வைத்தியம் பார்த்தப்ப டாக்டர் எச்சரிச்சிருப்பாரே?"

வாசலில் நின்ற டாக்டர் மெல்லத் தலையசைத்தார். "நானே சொன்னேன். இவர்கிட்டத்தான்."

கில்சு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செத்த ஆறு பேரோட வீடும் எங்க தெருவுலதான் இருக்கு" என்றார். "தினம் அவங்க முகத்துல முழிக்கிறேன். கதவை மூடினது நான்னு தெரிஞ்சு அந்த முகங்க மாறிடக் கூடாதுன்னு நினைச்சேன்."

போலீஸார் அவரைக் கீழே கூட்டிப்போனார்கள்.

மாலையில் மான்சோப் கண் திறந்தார். இயந்திரத்தின் இறுக்கமான முகமூடிக்குள் உதடுகள் அசைந்தன. டாக்டர் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"கில்சு எங்க? சாப்பிட்டானா அவன்?"

உன்ஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜோங்ரிம் கட்டிலருகே உட்கார்ந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பைத்தியக்காரன்" என்றார் மெதுவாக. "மூடலைன்னா மேல இருந்த நாப்பது பேரும் செத்திருப்போம். அழுதுகிட்டேதான் மூடினான். அதையும் சொல்லணும்னுதாம்மா நான் கிளம்பினேன்."