அப்பா பெயருக்கு ஒரு பதில்

ஏலப்பாறையில் பஸ் இறங்கி எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு ஏறுவதற்குள் பட்டப்பகலிலேயே பனி மூடிவிட்டது. கதவைத் திறந்த அம்மா, எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். மண்சரிவு அப்பாவைக் கொண்டுபோனதிலிருந்து இதே வேலைதான். உடல் கிடைக்கவில்லை; ஆகவே அப்பா கபிரியேல் சாகவில்லை என்பது என் அம்மா கத்தரீனாளின் கணக்கு. எனக்கு எரிச்சலாக வரும். அழுகையும் வரும்.

கல்லூரிக்கு ஒரு வலைப்பக்கம் செய்து காட்ட வேண்டியிருந்தது. எஸ்டேட் பெரட்டையே எடுத்துக்கொண்டேன். காலையில் வேலைக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. என் வலைப்பக்கத்தில் ஒரு பெயர் வரும். பட்டனை அழுத்தினால் ‘வந்தாச்சு’ என்று மாறும். அவ்வளவுதான். எழுதிய கோப்பை, வலைப்பக்கத்தை ஓட்டும் டாம்கேட் என்கிற சர்வர் மென்பொருளின் ஃபோல்டரில் போட்டு ஓடவிட்டேன். இன்டர்நெட் கிடையாது, என் லேப்டாப்புக்குள்ளேயே ஓடி, அதிலேயே தெரிகிற பக்கம்.

சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டுப் பெயர்களையே கொடுத்திருந்தேன். முதலில் வந்தது கபிரியேல்.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெரட்டுக்கு ஆள் வரத் தாமதமானால் வீட்டார் யாராவது அவருக்காகக் குரல் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது.

“வந்துட்டாருய்யா,” என்றாள் அம்மா.

நான் பட்டனைத் தொடவே இல்லை.

திரையில் எழுத்து மாறியது. வந்தாச்சு.

ஈர மண் வாசம் அறைக்குள் அடித்தது. வாசலில் காலடி. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிற சத்தம். சர்வரை நிறுத்தினேன்.

காலடி நிற்கவில்லை.

அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தாள். அவளை இடுப்போடு கட்டிக்கொண்டேன். “அம்மா, அது அப்பா இல்ல. அப்பான்னா கூப்பிட்டிருப்பாரு.”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏட்டி, வாய் நெறைய மண்ணு. எப்படிக் கூப்பிடுவாரு?”

என் கை தளர்ந்துவிட்டது. கதவு திறந்து பனி உள்ளே வந்தது. அம்மா அந்தப் பனிக்குள் இறங்கிப் போனாள்.

லயத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து தேடினார்கள். போலீசும் வந்து தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. இனி கிடைக்கும் என்று நானும் நம்பவில்லை.

சர்வரை அழித்தேன். அது ஓடத் தேவையான ஜாவாவையே லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் திறந்தால் அந்தப் பக்கம்தான் வந்து நிற்கிறது. இன்று அதில் லிஜி என்று இருக்கிறது. என் பெயர்தான். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கதவுக்கு வெளியே அம்மா, குரல் கொடுப்பதற்கு முன்னால், தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.