கேமரா திரும்பிய பக்கம்

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவருக்கு ஒரு நாள் லீவு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த எரிச்சலோடுதான் கல்லூரிப் படியேறினார்.

மாலை வகுப்பு. பாதிப் பேர் நேரில் வருவார்கள், மீதிப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்தே போனில் படிப்பார்கள். இவர் போன் கட்சி. ஆவி பறக்கும் அறையில், மடித்த போர்வைகள் மேல் போனைச் சாய்த்து வைத்துப் படிப்பு. கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்னொரு முறை போனால் பெயரையே அடித்துவிடுவார்கள்.

படிக்க விட்டால்தானே! பேசுகிறவர் பக்கம் தானே திரும்பும் கேமரா ஒன்றை வகுப்பில் மாட்டியிருந்தார்கள். வாத்தியார் பலகையில் கணக்கை ஆரம்பித்ததும் அது மெல்லத் திரும்பி, கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலியைக் காட்டும். மழை இரைகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு வேறு. "பலகை தெரியல சார்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். யார் காதில் விழுந்தது?

அதனால்தான் இன்று நேரிலேயே வந்தவர் முதலில் வாத்தியாரைப் பிடித்தார். "கேமராவுக்கு என்னதான் கோளாறு சார்?"

"ஆள விட்டுப் பாத்தாச்சுங்க. கோளாறே இல்லையாம். பேச்சு கேட்டா திரும்பும், அவ்வளவுதான்."

'நானே அதுல உக்காந்துட்டா அது எதைக் காட்டும்னு பாக்குறேன்' என்று வீம்பாகப் போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

நாற்காலி சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

சாக்பீஸ் கிறீச்சிட்டது. கேமரா திரும்பியது.

அவர் முகத்துக்கு நேராக நின்றது.

அவர் வாயே திறக்கவில்லை.

பையில் போன் அதிர்ந்தது. கூட வேலை பார்க்கும் பையன், சலவை மெஷின் ஓட்டுகிறவன். அவனும் இதே வகுப்புதான், சலவைக்கூடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து காதில் வைத்தார்.

"அண்ணே, சும்மா இருண்ணே! உன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"நான் எங்கடா பேசுனேன்?"

"வெளையாடாதண்ணே. 'பலகை தெரியல சார், பலகை தெரியல சார்'னு ஒரே புலம்பல். வகுப்புலயே உக்காந்திருக்க, உனக்கு எப்படித் தெரியாம போகும்?" அவன் குரல் இறங்கியது. "தொண்டை கட்டிக்கிச்சாண்ணே? உன் குரல் மாதிரியே இல்லையே."

நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்வரிசைக்கு ஓடினார்.

கேமரா அவரோடு வரவில்லை.

வாத்தியார் கணக்கை முடித்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. இதற்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தோம்?

காதில் போன் இன்னும் இருந்தது.

"அண்ணே... நீ எந்திரிச்சுப் போயிட்டல்ல?"

"ம்."

"அப்புறம் ஏண்ணே இன்னும் கேக்குது?"